வேலூரில் மத்தியானத்துக்கு ஒரு அறை

கேள்வி: நாங்கள் திருப்பூர். மே மாதம் இரண்டாவது சனி, ஞாயிறில் வேலூர் வரலாம் என்றிருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயதுப் பையன், முழங்கால் வலியோடு 68 வயது அம்மா. வெள்ளிக்கிழமை ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸ், விடியற்காலை காட்பாடி. ஞாயிறு ராத்திரி அதே சேரனில் திரும்புகிறோம். கோட்டை, ஜலகண்டேஸ்வரர் கோயில், பொற்கோயில் மூன்றும் பார்க்க வேண்டும். தங்குவதற்கு நான்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். காட்பாடி ஸ்டேஷன் பக்கத்தில் ஒன்று, சி.எம்.சி. ஆஸ்பத்திரி எதிரே நாலரை ஸ்டார் வாங்கிய மலிவான லாட்ஜ் ஒன்று. பைபாஸில் நீச்சல் குளத்தோடு ஒன்று. ஸ்ரீபுரத்தில் பொற்கோயிலை ஒட்டியே ஒன்று. நாளைக்கு 2,500 ரூபாய்க்குள் முடிய வேண்டும். எதை எடுப்பது?

பதில்:

நான்கையும் விட்டுவிடுங்கள். கோட்டைக்கு நடந்தே போய்வரும் தூரத்தில், அண்ணா சாலைப் பக்கம் பாருங்கள். பலகையில் அண்ணா சாலை என்றிருந்தாலும் ஊர்க்காரர்கள் ஆபீசர்ஸ் லைன் என்றுதான் சொல்வோம். ஆட்டோக்காரரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

ஓட்டல் பெயர் மட்டும் கேட்காதீர்கள். லாட்ஜ் கவுன்டரில் பதினோரு வருஷம் உட்கார்ந்துவிட்டு, இப்போது டிராவல்ஸ் நடத்துகிறேன். ஆள் அனுப்பினால் கமிஷன் தரும் இடங்கள் எனக்கு உண்டு. அந்தப் பெயர்களை இங்கே எழுதினால் அது ஆலோசனையாக இருக்காது, விளம்பரமாகிவிடும். எந்தப் பேட்டை, எந்த மாடி, போனில் என்ன கேட்பது என்று சொல்கிறேன். பெயரை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது மே மாதம்தான். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கி 28 வரைக்கும் நிற்கும். நீங்கள் சொல்லும் வார இறுதி அதன் நடுவில் விழுகிறது. வேலூரைச் சுற்றி இருப்பவை பாறை மலைகள். பகலெல்லாம் வாங்கிய சூட்டைச் சாயங்காலம் ஊருக்குள் திருப்பித் தருபவை. நாற்பது டிகிரி என்பது எங்களுக்குச் செய்தியே இல்லை. காலை பத்தரைக்கு மேல் நாலு மணி வரை வெளியே ஒன்றும் பார்க்க முடியாது. பார்த்தாலும் அம்மாவுக்கு ஆகாது, பையன் நச்சரிப்பான், நீங்கள் இருவரும் சண்டை போட்டுக்கொள்வீர்கள்.

வழக்கமாக ஓட்டல் தேடுகிறவர்கள் ராத்திரி தூங்குவதை நினைத்துத்தான் தேடுவார்கள். மே மாத வேலூருக்கு அறை எடுப்பது மத்தியானத்துக்கு. காலையில் பார்த்த இடத்திலிருந்து பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுக்க முடியுமா? இந்த ஒரு கேள்வியை வைத்துப் பார்த்தால் உங்கள் நான்கு இடமும் அடிபட்டுப் போகும்.

இதை நான் கற்றது என் சொந்தத் தவறிலிருந்து. தொழிலுக்கு வந்த புதிதில் காரைக்குடிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றுக்கு மே மாதத்தில் ஐந்தாவது மாடி அறை போட்டுக் கொடுத்தேன். ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், அதுதான் நான் சொன்ன பெருமை. மேலே மொட்டைமாடி. தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான். மத்தியானம் இரண்டு மணிக்குக் குழாயைத் திறந்தால் வெந்நீர், சுவரில் கை வைத்தால் தோசைக்கல். மூன்று மணிக்குக் கரன்ட் போனது. ஜெனரேட்டர் ஓடியது, விளக்கும் ஃபேனும் ஓடின, ஏசி மட்டும் ஓடவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டுப் பெரியவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாவது மாடிப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அங்கேதான் கொஞ்சம் காற்று வந்தது. என்னைத் திட்டவில்லை. "தம்பி, மலையை ராத்திரியிலயா பாக்கப் போறோம்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து கடைசி மாடி அறையை யாருக்கும் போட்டதில்லை.

இப்போது ஊர் எப்படிக் கிடக்கிறது என்று மனசுக்குள் ஒரு படம் போட்டுக்கொள்ளுங்கள். வடக்கே பாலாற்றுக்கு அந்தப் பக்கம் காட்பாடி. பாலம் தாண்டித் தெற்கே வந்தால் புதிய பஸ் ஸ்டாண்ட், கிரீன் சர்க்கிள், பைபாஸ். அதற்கும் உள்ளே வந்தால் சி.எம்.சி., பழைய பஸ் ஸ்டாண்ட், கோட்டை. இன்னும் தெற்கே பாகாயம். அதையும் தாண்டித் திருமலைக்கோடி, அதாவது ஸ்ரீபுரம். காட்பாடியிலிருந்து கோட்டை ஏழெட்டு கிலோமீட்டர். கோட்டையிலிருந்து ஸ்ரீபுரமும் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு முனையில் தங்கினால் மறுமுனைக்குப் போக ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். நடுவில் தங்கினால் இரண்டு பக்கமும் பாதி தூரம்தான்.

காட்பாடி ஸ்டேஷன் பக்கத்து அறை விடியற்காலை ரயிலுக்கும் ராத்திரி ரயிலுக்கும் வசதி என்று தோன்றும். அந்த வசதி மொத்தப் பயணத்தில் இரண்டே தடவை, தடவைக்கு இருபது நிமிஷம். அதற்காக இரண்டு நாளும் பாலத்தில் நாலு தடவை வண்டி நெரிசலில் நிற்க வேண்டும். போதாததற்கு மே, ஜூனில் வி.ஐ.டி. பல்கலைக்கழகச் சேர்க்கைக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் கூட்டம் அந்தப் பக்கம் அறைகளை நிரப்பிவிடும். வாடகையும் ஏறி நிற்கும்.

பைபாஸ் ஓட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சென்னை, பெங்களூரு லாரி அத்தனையும் போகிற ரோடு. நீச்சல் குளம் பையனுக்குக் கொண்டாட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் வாசலை விட்டு அம்மா பத்தடி நடக்க முடியாது. ஒரு காபிக்குக்கூட சர்வீஸ் ரோடு, சிக்னல், ஆட்டோ. வெட்டவெளிக் குளத்துத் தண்ணீரும் மே மத்தியானத்தில் கொதித்துத்தான் கிடக்கும். 2,500 ரூபாய்க்கு அங்கே கிடைப்பது நல்ல அறையாக இருக்க வாய்ப்பு குறைவு. குளத்துக்கும் சேர்த்துத்தானே வாடகை.

ஸ்ரீபுரம் அமைதியான இடம். கோயிலுக்கென்றே வருகிறவர்கள், அங்கேயே இரண்டு வேளை தரிசனம் செய்ய நினைப்பவர்கள் தாராளமாகத் தங்கலாம். ஆனால் ராத்திரி எட்டு மணி வாக்கில் கோயில் மூடியதும் அந்த இடம் அடங்கிவிடும். ஒன்பது மணிக்குப் பையன் பசிக்கிறது என்றால் தேட வேண்டியிருக்கும்.

இனி சி.எம்.சி. எதிரே இருக்கும் லாட்ஜ். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஏமாற்றுபவர் என்று யாரும் கிடையாது.

1900-ல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் அந்த ஆஸ்பத்திரி. இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். சிலர் மூன்று நாள், சிலர் மூன்று மாதம். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் நடந்தால் பாதிப் பலகைகள் வங்காளியில் இருக்கும். மதியம் பன்னிரண்டுக்குக் கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசனை தெரு முழுக்க அடிக்கும். இந்த லாட்ஜ்கள் அவர்களுக்காகவே உருவானவை. அறைக்குள் சமையல் மேடை இருக்கும். குக்கர், பாத்திரம், கேஸ் அடுப்பு வாடகைக்குக் கிடைக்கும். காரிடாரில் கயிறு கட்டி வேட்டி, சேலை காயும். காலை நாலரைக்கே கதவுகள் திறக்கும் சத்தம் கேட்கும். பிளாஸ்டிக் உறையில் எக்ஸ்ரேயும் ஃபைலுமாக ரத்தம் கொடுக்க வரிசை பிடிக்கப் புறப்படுவார்கள்.

நீங்கள் பார்த்த நாலரை ஸ்டார் அவர்கள் கொடுத்தது. "ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிமிஷ நடை", "சமைத்துக்கொள்ளலாம்", "ஓனர் வங்காளி பேசுவார்" என்பதற்காகக் கொடுத்த ஸ்டார். அவர்கள் தேவைக்கு அது நேர்மையான மதிப்பெண். உங்கள் கேள்விக்கு அதில் பதிலே கிடையாது. அந்த விமர்சனங்களில் "லிஃப்ட்" என்று தேடிப் பாருங்கள், "சத்தம்" என்று தேடிப் பாருங்கள், "குழந்தை" என்று தேடிப் பாருங்கள். அப்போதுதான் உங்களுக்கு வேண்டியது வரும். மூன்று ஸ்டார் கொடுத்தவர்களை முதலில் படிப்பது என் வழக்கம். ஐந்து கொடுத்தவர் மகிழ்ச்சியில் இருப்பார், ஒன்று கொடுத்தவர் கோபத்தில் இருப்பார். மூன்று கொடுத்தவர்தான் பாத்ரூம் கதவு சரியாகச் சாத்தவில்லை என்பதை எழுதுவார்.

இன்னொன்றும் உண்டு, இது என் தனிப்பட்ட கருத்து. பக்கத்து அறையில் யாரோ ஆபரேஷனுக்குக் காத்திருக்கும்போது, லீவில் வந்த பையன் காரிடாரில் ஓடுவான். அவனை அதட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவனுக்கும் பாவம், அவர்களுக்கும் பாவம். மலிவான அறை அவர்களுக்கே இருக்கட்டுமே.

ஆனாலும் ஆஸ்பத்திரியால் நம் ஊருக்கு வந்த ஒரு நல்ல பழக்கம் உங்களுக்குப் பெரிய லாபம்: இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. நோயாளிகள் எந்த ரயிலில் எப்போது வந்து இறங்குவார்கள் என்று சொல்ல முடியாது என்பதால், வேலூரில் பல லாட்ஜ்களில் நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்துதான் ஒரு நாள் வாடகை. உங்கள் பயணத்துக்கு இது அளந்து தைத்த சட்டை மாதிரி. சேரன் விடியற்காலை நாலு மணி வாக்கில் காட்பாடி வருகிறது. ஐந்து மணிக்கு அறைக்குள் போகிறீர்கள் என்று வையுங்கள். சனி ஐந்து முதல் ஞாயிறு ஐந்து வரை ஒரு நாள், ஞாயிறு ஐந்து முதல் திங்கள் ஐந்து வரை இன்னொரு நாள். நீங்கள் கிளம்புவதோ ஞாயிறு ராத்திரி. ஆக, இரண்டு வாடகை.

அதுவே மதியம் பன்னிரண்டுக்கு நாள் மாறும் பன்னிரண்டு மணிக் கணக்கு வைத்த ஓட்டலானால்? விடியற்காலை ஐந்துக்கு நுழைய வெள்ளிக்கிழமை ராத்திரிக்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள், இல்லையென்றால் ஏழு மணி நேரம் சோபாவில் உட்கார வேண்டும். ஞாயிறு மதியம் பன்னிரண்டுக்குக் காலி செய்யச் சொல்வார்கள். கத்திரி வெயிலில், முழங்கால் வலியோடு ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு, பன்னிரண்டு மணியிலிருந்து ராத்திரி பதினொன்று வரை எங்கே போவீர்கள்? மூன்றாவது வாடகையும் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அறைக்கு நானூறு ரூபாய் குறைவு என்று ஆப்பில் பார்த்து மகிழ்ந்தவர்கள் கடைசியில் ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கட்டுவது இப்படித்தான்.

இதில் ஒரு சூட்சுமம். அதே லாட்ஜில் கவுன்டரில் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு இருக்கும், ஆப் வழியாகப் போட்டால் பன்னிரண்டு மணிக் கணக்கு வரும். அதனால் ஆப்பில் பாருங்கள், படங்களைப் பாருங்கள், விலையைக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் நேராக லாட்ஜுக்கே போன் செய்யுங்கள். "சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வருகிறோம், ஞாயிறு ராத்திரி பத்தரைக்குக் கிளம்புகிறோம், மொத்தம் எத்தனை வாடகை?" என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள். பகல் ஷிப்டில் பேசியவர் ஒருவர், விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு கதவு திறப்பவர் வேறொருவர்.

வரியையும் அப்போதே கேளுங்கள். 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான், முன்பு 12. 2,500 ரூபாய் அறைக்கு 300 ரூபாய் வந்துகொண்டிருந்த இடத்தில் இப்போது 125. பழைய ஞாபகத்தில் யாராவது பன்னிரண்டு சொன்னால் பில் கேளுங்கள், குரல் இறங்கிவிடும்.

போனில் இன்னும் சில கேள்விகள். லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் "இருக்கு சார்" என்பார்கள். வாசலிலிருந்து லிஃப்டுக்கு எத்தனை படி என்று கேளுங்கள். நம் ஊரில் நிறையக் கட்டடங்களில் கீழே கடை, பக்கவாட்டில் எட்டுப் படி ஏறினால் ரிசப்ஷன், அதற்கப்புறம்தான் லிஃப்ட். அம்மாவுக்கு அந்த எட்டுப் படிதான் பிரச்சினை. ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா என்று கேளுங்கள். "பேக்-அப் இருக்கு" என்பது பதில் ஆகாது; ஏசிக்கு உண்டா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல்லச் சொல்லுங்கள். முதல் மாடி அல்லது இரண்டாவது மாடி, ரோட்டுக்குப் பின்பக்க அறை, வெஸ்டர்ன் டாய்லெட். பழைய பஸ் ஸ்டாண்டைப் பார்த்த அறையானால் காலை நாலு மணிக்கே ஏர் ஹாரன் எழுப்பிவிடும்.

நான்கு பேரும் ஒரே பெரிய அறையில் அடைய வேண்டாம் என்பேன். ஒரே தளத்தில் சாதாரண ஏசி டபுள் ரூம் இரண்டு எடுங்கள், இரண்டும் சேர்ந்து உங்கள் 2,500-க்குள் வருகிறதா என்று முதலில் பாருங்கள். அம்மாவுக்குத் தனிப் பாத்ரூம் கிடைக்கும். அவர் நாலரைக்கே எழுந்து விளக்குப் போட்டால் மற்றவர்கள் தூக்கமும் கெடாது. பையனைப் பாட்டியிடம் படுக்கப் போட்டால் கதையும் கிடைக்கும். இரண்டு அறை கட்டுப்படியாகாவிட்டால் மூன்று கட்டில் போட்ட ஃபேமிலி ரூம் கேளுங்கள். "எக்ஸ்ட்ரா பெட்" என்று சொல்லித் தரையில் போடும் மெத்தை அம்மாவுக்கு வரக்கூடாது.

போய்ச் சேர்ந்ததும் ஒரு காரியம். சாவியை வாங்கிய உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். ஏசியை 24-ல் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கீழே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். பதினைந்து நிமிஷத்தில் அறை குளிர்ந்திருந்தால் சரி. இல்லாவிட்டால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள். காலை ஐந்து மணிக்கு மாற்று அறை இருக்கும், மத்தியானம் கேட்டால் இருக்காது. ஃப்ளஷ், குழாய் எல்லாம் இதே சமயத்தில் பார்த்துவிடலாம்.

காட்பாடியில் இறங்கியதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். "ரூம் போட்டாச்சுண்ணே, ஆபீசர்ஸ் லைன்" என்று சொன்னால் போதும். அறை போடவில்லை என்று தெரிந்தால் அவருக்குக் கமிஷன் வரும் லாட்ஜுக்குத்தான் வண்டி போகும். கொஞ்சம் விடிந்த பிறகென்றால் 1, 2 எண் டவுன் பஸ் காட்பாடியிலிருந்து ஊருக்குள் வழியாகப் பாகாயம் வரை போகும். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் உங்கள் மனைவிக்கும் அம்மாவுக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் பெட்டியோடும் முழங்கால் வலியோடும் விடியற்காலையில் ஆட்டோதான் சரி.

இந்தப் பேட்டையில் தங்கினால் உங்கள் சனிக்கிழமை எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஐந்துக்கு அறை, குளியல், ஒரு காபி. ஆறு, ஆறேகாலுக்குக் கோட்டை. அந்த நேரத்தில் அகழி ஓரத்தில் ஊரே நடந்துகொண்டிருக்கும். தண்ணீர் மேல் லேசாகப் புகை மாதிரி நிற்கும், மதிலின் கல் அப்போதுதான் சிவக்கத் தொடங்கும். அம்மாவைப் பூங்கா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மூவரும் மதில் ஏறிவரலாம். 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கிளம்பியது இங்கேதான் என்று பையனுக்குச் சொல்லுங்கள். 1857-ஐப் பள்ளியில் படிப்பான். அதற்கு அரை நூற்றாண்டு முன்னால் நம் ஊரில் நடந்தது இது. திப்பு சுல்தானின் பிள்ளைகளை அடைத்து வைத்திருந்ததும் இதே கோட்டைக்குள்தான். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து சேர்ந்து அடக்கும் வரைக்கும் கோட்டை சிப்பாய்கள் கையில் இருந்தது.

அப்படியே உள்ளே ஜலகண்டேஸ்வரர். "ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை" என்று வேலூரைக் கேலி செய்வார்கள். 1981-ல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்த பிறகு சாமிக் கணக்கு நேராகிவிட்டது. மற்ற மூன்றும் அநேகமாக அப்படியே. உள்ளே நுழைந்ததும் இடது கைப்பக்கம் கல்யாண மண்டபம். தூண்களில் யாளி, குதிரை வீரன் எல்லாம் இருக்கும். ஒரே தலையில் பாதியை மறைத்தால் காளை, மறுபாதியை மறைத்தால் யானை என்று தெரியும் சிற்பம் ஒன்று உண்டு. அது எங்கே என்று பையனையே தேடச் சொல்லுங்கள், பதினைந்து நிமிஷம் உங்களுக்கு நிம்மதி. கல் தரை சுடுவதற்குள், ஒன்பதுக்கு முன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

ஒன்பதரைக்கு டிபன், பத்தரைக்கு அறை. அதற்கப்புறம் மூன்றரை வரை கதவைச் சாத்தி எல்லாரும் தூங்குங்கள். இதற்குத்தான் இந்தப் பேட்டை. காட்பாடியில் தங்கியிருந்தால் இந்நேரம் பாலத்தின் மேல் ஆட்டோவில் வெந்துகொண்டிருப்பீர்கள்.

நாலு மணிக்கு ஆட்டோ பேசி ஸ்ரீபுரம் போங்கள். போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்துப் பேசிவிடுங்கள். இருட்டும் நேரத்தில் விளக்கில் பார்ப்பதுதான் அழகு. 2007-ல் திறந்த கோயில். விமானத்திலும் அர்த்த மண்டபத்திலும் பொன் தகடு. அங்கே ஒரு எச்சரிக்கை: கோயில் நடுவில் இருக்கிறது, அதற்குப் போகும் வழி நட்சத்திர வடிவத்தில் சுற்றிச் சுற்றிப் போகும். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நடை. மேலே கூரை உண்டு என்றாலும் அம்மாவின் முழங்காலுக்கு அது அதிகம். வாசலிலேயே வீல்சேர் விசாரித்துவிட்டு நுழையுங்கள். பாதி வழியில் விசாரித்துப் பயனில்லை. செல்போனை உள்ளே விடமாட்டார்கள், அறையிலேயே வைத்துவிட்டு வந்தால் வரிசை மிச்சம். அரை டிராயரும் ஆகாது, பையனுக்கும் முழு பேன்ட் எடுத்து வையுங்கள்.

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை நீங்கள் எழுதவில்லை, ஆனால் பையனுக்குப் பிடிக்கும். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் அதற்கு விடுமுறை. நீங்கள் வரும் சனிக்கிழமை இரண்டாம் சனிக்கிழமை. எனவே அதை ஞாயிறு காலைக்குத் தள்ளுங்கள். கோட்டைக்குப் பக்கத்தில் தங்குவதால் தள்ளிவைப்பது சுலபம், மறுபடி நடந்தே போய்விடலாம்.

ஞாயிறு சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும், இலங்கையின் கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதி இருக்கும் முத்து மண்டபத்துக்கு ஒரு நடை போய்வரலாம், பாலாற்றங்கரையில்தான். அவரைப் பிரிட்டிஷார் சிறைவைத்ததும் இந்தக் கோட்டையில்தான்; 1832-ல் இங்கேயே இறந்தார். இருட்டிய பிறகு வேண்டாம்.

பிரியாணிக்காக ஆம்பூர் வரை போவதா என்று யாராவது உங்களை உசுப்பினால் போகாதீர்கள். ஐம்பது கிலோமீட்டர், மே மத்தியானம், அம்மா. அதே சீரக சம்பா, அதே கத்தரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயத்தோடு வேலூருக்குள்ளேயே கிடைக்கிறது. மத்தியானம் ஒன்றரைக்குப் பார்சல் வாங்கிவந்து ஏசி அறையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அம்மா அசைவம் சாப்பிட மாட்டார் என்றால் அவருக்குத் தயிர் சாதம் தனியாக.

ஞாயிறு ராத்திரி பத்தரைக்கு ஆபீசர்ஸ் லைனிலிருந்து ஆட்டோ ஏறினால் சேரனுக்கு நேரம் தாராளம். ஆட்டோவைச் சாயங்காலமே சொல்லி வைத்து நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ரயில் நேரத்தைக் கிளம்பும் அன்று செயலியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காட்பாடியில் உங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று பலகையில் பார்த்து அந்த இடத்திலேயே அம்மாவை உட்கார வையுங்கள். நீளமான பிளாட்பாரம், ரயில் நிற்பதோ சில நிமிஷம்.